மலைவீட்டுக்குக் குடிபோகிறீர்களா? வாசலுக்கு வரும் விலங்குகளோடு வாழப் பழக ஒரு வழிகாட்டி

மலையில் வீடு எடுத்தவர்கள் எல்லோரும் முதல் வாரத்திலேயே கேட்கிற கேள்வி ஒன்றுதான்: ராத்திரி வாசலில் ஏதோ வந்து போகிறது, அதை வரவிடாமல் செய்ய என்ன வழி? நானும் அப்படித்தான் கேட்டேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் என்னைத் திண்ணையில் உட்காரவைத்து, "வராமல் செய்ய முடியாது தம்பி. வந்தது தங்காமல் போகிற மாதிரி வீட்டை வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்" என்றார். அன்று அது எனக்குப் பெரிய பதிலாகத் தெரியவில்லை. இத்தனை வருஷம் கழித்து, புதிதாக வருகிறவர்களுக்கு என்ன சொல்வது என்று யோசித்தால், அதையேதான் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எல்லா மலையிலும் ஒரே விலங்குகள் இருக்காது. ஒரு இடத்தில் கரடி, இன்னொரு இடத்தில் குரங்கு, வேறொரு இடத்தில் யானையோ காட்டெருமையோ. ஆனால் அவை வீட்டுப் பக்கம் வருவதற்கான காரணங்கள் மூன்றுக்குள் அடங்கிவிடும். சாப்பாடு தேடி வரும், ஒண்ட இடம் தேடி வரும், இல்லையென்றால் சும்மா அந்த வழியாகப் போகும். வந்தது எதற்காக வந்தது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

முதல் மாதம்: பார்ப்பது மட்டும்

வேலி போடாதீர்கள், விளக்கு மாட்டாதீர்கள், நாய் வாங்காதீர்கள். முதலில் பாருங்கள். விடிந்ததும் வீட்டைச் சுற்றி ஒரு நடை, தினமும். வாசற்படி, பின்கட்டு, தண்ணீர்த் தொட்டியடி, வேலியில் கம்பி தளர்ந்த இடம், இப்படி நாலைந்து இடங்களில் சலித்த மண்ணையோ சாம்பலையோ மெல்லிசாகத் தூவி வைத்தால், ராத்திரி யார் வந்தார்கள் என்று காலையில் எழுதி வைத்த மாதிரி இருக்கும்.

தடம் படிப்பது நினைக்கிற அளவுக்குக் கஷ்டமில்லை. நாய், நரி, ஓநாய் தடத்தில் விரல்களுக்கு முன்னால் நகப் புள்ளிகள் தெரியும். பூனை இனத்தில் நகம் உள்ளே இழுத்திருப்பதால் அந்தப் புள்ளிகள் பெரும்பாலும் இருக்காது. உள்ளங்கால் மெத்தையின் பின்விளிம்பு மூன்று மடிப்பாகத் தெரியும். முழுத் தடமும் உங்கள் உள்ளங்கை அகலத்துக்கு இருந்தால் வந்தது வீட்டுப்பூனை இல்லை. கரடியின் பின்னங்கால் தடம் மனுஷன் வெறுங்காலோடு நடந்தது போலவே ஐந்து விரலோடு இருக்கும், முதல் தடவை பார்ப்பவர்கள் திருடன் வந்தான் என்றே நினைப்பார்கள். மானுக்கும் பன்றிக்கும் பிளந்த குளம்புதான், ஆனால் பன்றியின் தடத்தில் ஈர மண்ணில் பின்னால் இருபக்கமும் இரண்டு சின்னப் புள்ளிகள் கூடுதலாக அழுந்தியிருக்கும்.

ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். தேதி, நேரம், என்ன விலங்கு, எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் போனது, அவ்வளவு போதும். கையில் காசு இருந்தால் அசைவு பட்டால் தானாகப் படம் எடுக்கும் கேமரா ஒன்றை மரத்தில் கட்டலாம். அக்கம்பக்கத்தில் நீண்டகாலம் இருக்கிறவர்களிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: விலங்குகள் தண்ணீர் குடிக்கிற இடம் எது, எந்த மரம் எந்த மாதம் பழுக்கும், நான் இருக்கிற மனையின் குறுக்கே பழைய தடம் ஏதாவது போகிறதா. மூன்றாவது கேள்விக்கு ஆமாம் என்று பதில் வந்தால் வருத்தப்பட வேண்டாம். அந்த வழி வீடு கட்டுவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே இருந்திருக்கும்.

இரண்டு வாரத்தில் ஒரு விஷயம் புரியும். பெரும்பாலான விலங்குகள் நம்மைத் தேடி வருவதில்லை, நாம் தூங்குவதற்காகக் காத்திருக்கின்றன. 2018இல் சயன்ஸ் இதழில் வந்த ஓர் ஆய்வு, ஆறு கண்டங்களில் 62 பாலூட்டி இனங்களைப் பற்றிய தரவுகளைத் தொகுத்துப் பார்த்து, மனிதர்கள் நடமாடும் இடங்களில் அவை பகல் வேலையை ராத்திரிக்கு மாற்றிக்கொள்கின்றன என்று காட்டியது. ஆக, ராத்திரி சத்தம் கேட்கிறது என்றால் அந்த விலங்கு நமக்கு வழிவிட்டு ஒதுங்கி நடக்கிறது என்றும் அர்த்தம். இது எனக்குத் தெரிந்த பிறகு, படுக்கையில் கிடந்தபடி அந்தச் சத்தங்களைக் கேட்பதே வேறு மாதிரி ஆகிவிட்டது.

சாப்பாடு: இங்கேதான் முக்கால்வாசிப் பிரச்சினையும்

வந்த புதிதில் குப்பைத்தொட்டியை நான் பின்கட்டில் வைத்திருந்தேன், மூடி போட்ட தகரத் தொட்டி. மூன்றாம் நாள் காலையில் மூடி பத்தடி தள்ளிக் கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். விளிம்பு அட்டை மாதிரி மடங்கியிருந்தது, தகரத்தில் நான்கு ஓட்டைகள், சுண்டுவிரல் நுழைகிற அளவு, ஓட்டையின் ஓரத்தில் எச்சில் இன்னும் ஈரமாக இருந்தது, அதில் இரண்டு கறுப்பு முடி ஒட்டியிருந்தன. கரடி. பயத்தைவிட, இதற்கு வழி செய்து கொடுத்தது நான்தானே என்கிற வருத்தம்தான் அதிகமாக இருந்தது. ஒரு தடவை சுலபமாகச் சாப்பாடு கிடைத்த இடத்தைக் கரடி மறக்காது, குட்டியோடு வருகிற தாய் என்றால் குட்டிக்கும் அந்த இடம் பாடமாகிவிடும்.

அதனால் குப்பைக்கு இந்த ஒழுங்கு. இறைச்சி, மீன், எண்ணெய் பட்ட கழிவை வெளியே வைக்கவே கூடாது. பையில் கட்டி, குப்பை எடுக்க வருகிற நாள் வரைக்கும் ஃபிரீஸரில் வைத்துவிடுங்கள், நாற்றமே வராது. மற்றக் குப்பை பூட்டு உள்ள கனமான இரும்புத் தொட்டியிலோ, கதவு சாத்துகிற அறையிலோ இருக்கட்டும். வண்டி காலையில் வருகிறது என்றால் காலையில்தான் வெளியே வைக்க வேண்டும், முந்தின ராத்திரியே வைத்துவிட்டுத் தூங்கப் போகிற பழக்கத்தை மலையில் விட்டுவிட வேண்டும். வாரம் ஒருமுறை தொட்டியைக் கழுவுங்கள். காலித் தொட்டியும் விலங்குக்கு மணக்கும்.

உரக்குழி வைத்திருப்பவர்கள் அதில் காய்கறித் தோலும் இலைதழையும் மட்டும் போடட்டும், ஒவ்வொரு முறையும் மேலே காய்ந்த சருகை ஒரு சாண் கனத்துக்கு மூடிவிட வேண்டும். பழமரம் இருந்தால் உதிர்ந்ததை அன்றன்றைக்கே பொறுக்குங்கள். பறிக்க ஆளில்லாத அளவுக்குக் காய்க்கிற மரம் வாசலுக்குப் பக்கத்தில் நின்றால், யாராவது வந்து பறித்துக்கொண்டு போகட்டும் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிவிடுங்கள். நாய்க்கும் பூனைக்கும் வைக்கிற சாப்பாடு வீட்டுக்குள், மிச்சம் உடனே உள்ளே. வெளியில் இறைச்சி சுடுகிற அடுப்பு இருந்தால் சுட்ட அன்றே கம்பியைத் தேய்த்துக் கழுவி எடுத்து வைக்க வேண்டும்.

பறவைகளுக்குத் தானியம் தொங்கவிடுவது நல்ல எண்ணத்தில் செய்கிற வேலை, ஆனால் கரடி உள்ள மலையில் அதைக் கொஞ்சம் யோசித்துச் செய்யுங்கள். ஓடு நீக்கிய சூரியகாந்தி விதை ஒரு கிலோவில் கிட்டத்தட்ட 5,800 கலோரி இருக்கிறது. குளிர்தூக்கத்துக்குத் தயாராகிற கரடி அந்த மாதங்களில் ஒரு நாளைக்கு 20,000 கலோரி வரை தின்னும். நாள் முழுக்கப் புதர் புதராக அலைந்து சேர்க்க வேண்டியதை உங்கள் முற்றத்தில் பத்தே நிமிஷத்தில் முடித்துவிடலாம் என்றால் அது ஏன் காட்டுக்குப் போகப் போகிறது? கரடி தூங்குகிற குளிர்மாதங்களில் மட்டும் தானியம் வையுங்கள். இல்லையென்றால் தானியத்துக்குப் பதிலாக உள்ளூர்ச் செடி கொடிகளை நட்டு, பூவும் பழமும் தானாகவே பறவைக்குக் கிடைக்கும்படி செய்யுங்கள்.

கார்! இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கரடியின் மோப்பத்துக்குக் கார்க் கண்ணாடி ஒரு தடையே இல்லை. அமெரிக்காவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவில் 1998ஆம் ஆண்டில் மட்டும் 1,000க்கும் மேற்பட்ட கார்களைக் கருங்கரடிகள் உடைத்துத் திறந்தன, உள்ளே விட்டிருந்த தின்பண்டத்துக்காகத்தான். பிறகு கரடி திறக்க முடியாத இரும்புப் பெட்டிகளை வைத்து, சாப்பாட்டையெல்லாம் அதற்குள் வைப்பதைக் கட்டாயமாக்கிக் கண்டிப்பாகப் பார்த்துக்கொண்டார்கள், சம்பவங்கள் பல மடங்கு குறைந்துவிட்டன. கரடிகள் அதேதான், வைக்கிற இடம்தான் மாறியது. பற்பசை, சோப்பு, உதட்டுக்குப் பூசுகிற களிம்பு உட்பட மணக்கிற எதையும் காரில் விடாதீர்கள். கொறிக்கிற இனங்கள் உள்ள ஊரில் கார் எடுப்பதற்கு முன் பானெட்டைத் திறந்து குழாய்களையும் வயர்களையும் ஒரு பார்வை பார்ப்பதும் நல்ல பழக்கம். கலிஃபோர்னியாவின் மினரல் கிங் பள்ளத்தாக்கில் மார்மட் என்கிற பெரிய மலை அணில் ரேடியேட்டர் குழாயைக் கடித்துவிடும் என்பதற்காகக் காரை அடியிலிருந்து தார்ப்பாயால் சுற்றிக் கட்டிவிட்டுத்தான் மலையேறப் போவார்கள்.

கையால் கொடுப்பது பற்றி

இதைத் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் நல்ல மனசுக்காரர்கள் தவறு செய்கிறார்கள். குரங்குக்கு ஒரு பழம், மானுக்கு ஒரு பிடி தானியம், நரிக்கு ஒரு துண்டு ரொட்டி. பார்க்க அழகாகத்தான் இருக்கும், படமும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த விலங்கு உங்களையும் என்னையும் பிரித்துப் பார்க்காது, மனுஷன் என்றால் சாப்பாடு என்று மட்டும் பார்க்கும். அடுத்த வாரம் பக்கத்து வீட்டுக் குழந்தையின் கையிலிருந்து பிடுங்கும், அப்புறம் புகார் போகும், கூண்டு வரும், சில இடங்களில் துப்பாக்கியே வரும். நீங்கள் ஆசையாகக் கொடுத்த பழம் கடைசியில் அங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது.

கடுங்குளிரில் மான் மெலிந்து நிற்பதைப் பார்த்தால் யாருக்கும் மனசு கேட்காது. ஆனால் அந்தப் பருவத்தில் அதன் இரைப்பையில் இருக்கிற நுண்ணுயிர்கள் பட்டையையும் சுள்ளியையும் செரிக்கத் தயாராக இருப்பவை. திடீரென்று மக்காச்சோளம் போன்ற தானியத்தைக் கொட்டினால் உள்ளே அமிலம் பெருகி, வயிறு நிறைந்த நிலையிலேயே மான் செத்துப்போகும். நாம் உதவி என்று நினைத்துச் செய்தது அதற்கு விஷமாகிவிடுகிறது.

இன்னொன்று, புல்லுக்குள் தனியாகப் படுத்திருக்கும் மான்குட்டி. என் வீட்டுக்கு மேலே ஒரு சரிவில் பார்த்திருக்கிறேன். முதலில் ஒரு கல் என்றுதான் நினைத்தேன், பிறகு அந்தக் கல்லின் மேல் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தன, கழுத்து நீட்டித் தரையோடு ஒட்டிக் கிடந்தது, நாசித் துவாரம் மட்டும் விரிந்து சுருங்கிக்கொண்டிருந்தது. காதில் ஒரு ஈ வந்து உட்கார்ந்தபோதுகூட அது அசையவில்லை. அம்மா விட்டுவிட்டுப் போய்விட்டாள் என்று யாருக்கும் தோன்றும். விடவில்லை. தன் வாசனை குட்டியைக் காட்டிக்கொடுக்காமல் இருக்கத்தான் தாய் தள்ளிப் போய் மேய்கிறது, பால் கொடுக்கிற நேரத்துக்கு வந்துவிடும். தொடாமல், தூக்காமல், வந்த வழியே திரும்பிவிடுங்கள், நாயைக் கட்டிவையுங்கள். காயம் பட்டிருந்தாலோ, பக்கத்தில் தாய் செத்துக் கிடந்தாலோ மட்டும் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

ஒண்ட வருகிறவை

எலி, வௌவால், மரநாய், பாம்பு. இவற்றுக்கு வீட்டின் ஓட்டைதான் அழைப்பு. சுண்டெலிக்கு 6 மில்லிமீட்டர் இடைவெளி போதும், பென்சில் நுழைந்தால் அதுவும் நுழைந்துவிடும். குழாய் சுவருக்குள் போகிற இடம், கதவடி, கூரை ஓரம் எல்லாவற்றையும் ஒரு மழைநாளில் உட்கார்ந்து பாருங்கள். எஃகுக் கம்பிப் பஞ்சைத் திணித்து மேலே சிமெண்ட் பூசினால் கடிக்க முடியாது. காற்று போக வேண்டிய இடத்தில் 6 மில்லிமீட்டர் கண் உள்ள கம்பிவலை.

எலி மருந்து வைக்காதீர்கள், தயவுசெய்து. இரத்தம் உறையாமல் செய்கிற அந்த மருந்தைத் தின்ற எலி உடனே சாவதில்லை, சில நாள் தள்ளாடி நடக்கும், அதைச் சுலபமாகப் பிடிக்கிற ஆந்தையும் நரியும் கூடவே செத்துப்போகலாம். உங்கள் எலிகளைக் காலத்துக்கும் பிடித்துத் தரக்கூடிய ஆந்தையைக் கொன்றுவிட்டு, அடுத்த மாதம் வரப்போகிற எலிகளுக்கு மறுபடி மருந்து வாங்க வேண்டியிருக்கும்.

ரொம்ப நாள் பூட்டிக் கிடந்த வீட்டையோ பரணையோ திறந்தால் எலிப்புழுக்கையைக் காய்ந்தபடியே துடைப்பத்தால் பெருக்கக் கூடாது. சில பகுதிகளில் எலிகள் ஹண்டா என்கிற, உயிருக்கே ஆபத்தான வைரஸைச் சுமக்கின்றன, அது தூசியோடு மூச்சில் போகும். கதவு ஜன்னலை அரை மணி நேரம் திறந்து வைத்து, கையுறை மாட்டி, பிளீச்சிங் கரைசலை நன்றாகத் தெளித்து ஐந்து நிமிஷமாவது ஊறவைத்து, ஈரத் துணியால் வழித்தெடுங்கள்.

வௌவால் கூரையில் இருந்தால் அவசரப்பட்டு அடைக்காதீர்கள். குட்டி போட்டிருக்கிற பருவமாக இருந்தால் குட்டிகள் உள்ளேயே கிடந்து சாகும். குட்டிகள் பறக்கத் தொடங்கிய பிறகு, வெளியே போகலாம் உள்ளே வர முடியாது என்கிற மாதிரி ஒரு வலைத் திரையைத் துளையின் மேல் தொங்கவிட்டு, எல்லாம் போன பின் அடைக்க வேண்டும். தூங்குகிறவர் அறையில் வௌவால் பறந்தது தெரிந்தால், கடி தெரியாவிட்டாலும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள், அதன் பல் தடம் கண்ணுக்கே தெரியாத அளவு சின்னது.

பாம்பு எலிக்குப் பின்னால் வருகிறது, எலி குப்பைக்கும் தானியத்துக்கும் வருகிறது, ஆகவே மேலே சொன்னதைச் செய்தாலே பாம்பு பாதி குறையும். விறகைச் சுவரோரம் அடுக்காமல் தள்ளி, தரையிலிருந்து ஒரு முழம் உயர்த்தி அடுக்குங்கள். ராத்திரி வெளியே கால் வைத்தால் டார்ச்சும் மூடிய செருப்பும் வேண்டும். வெளியில் கழற்றிய ஷூவைத் தட்டிவிட்டுத்தான் போட வேண்டும். வீட்டுக்குள் பாம்பு வந்தால் அடிக்கப் போகாதீர்கள், அடிக்கப் போனதால்தான் நிறையப் பேர் கடி வாங்குகிறார்கள். மூன்று மீட்டர் தள்ளி நின்று கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டு, பாம்பு பிடிக்கிறவருக்கோ வனத்துறைக்கோ போன் செய்யுங்கள். கடித்துவிட்டால் இறுகக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். மோதிரம், வளையல், கடிகாரத்தைக் கழற்றி, கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து, நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதுதான்.

சும்மா போகிறவை

மான், காட்டெருமை, யானை, சிறுத்தை இவையெல்லாம் பெரும்பாலும் உங்கள் மனையைத் தாண்டிப் போகத்தான் வருகின்றன. மனை முழுக்க வேலி போட்டு வழியை அடைத்தால் அவை உடைத்துக்கொண்டு போகும், இல்லாவிட்டால் சாலையில் இறங்கி வண்டியில் அடிபடும். தோட்டத்தை மட்டும் வேலிக்குள் வையுங்கள், மிச்சத்தைத் திறந்து விடுங்கள். மான் தாண்டாமல் இருக்க 2.4 மீட்டர் உயரம் வேண்டும். முள்கம்பி போடாதீர்கள், தாண்டுகிற மானின் பின்னங்கால், வேலியின் உச்சியில் உள்ள இரண்டு கம்பிகளுக்குள் முறுக்கிக்கொண்டால் ராத்திரி முழுக்கத் தொங்கியே சாகும். எல்லையைக் காட்டத்தான் வேலி என்றால் மேல்கம்பி வழவழப்பாக ஒரு மீட்டர் உயரத்துக்குள் இருக்கட்டும், கீழே குட்டிகள் நுழைந்து போகிற அளவு 40 சென்டிமீட்டர் விடுங்கள்.

மின்வேலி வேண்டுமென்றால் அதற்கென்றே விற்கிற, விட்டுவிட்டு ஒரு நொடிக்கும் குறைவாகத் துடிக்கிற கருவியை வாங்கி, தெரிந்தவரை வைத்துப் போடுங்கள். வீட்டு மின்சாரத்தை நேரடியாகக் கம்பியில் கொடுப்பது கொலை. யானையும் சாகும், ராத்திரி தண்ணீர் பாய்ச்சப் போன மனுஷனும் சாவான்.

கோழி, ஆடு வளர்க்கிறவர்கள் ராத்திரிக்குக் கூரையோடு கூடிய கொட்டகை கட்டியே ஆக வேண்டும். கடையில் கோழிவலை என்று விற்கிற மெல்லிய வலை கோழியை உள்ளே வைக்கத்தான் உதவும், வெளியிலிருந்து வருவதைத் தடுக்காது. பற்றவைத்த கம்பிவலை வாங்கி, அதன் அடியை ஒரு முழம் வெளிப்பக்கமாக மடித்து மண்ணுக்குள் புதைத்தால் தோண்டுகிற விலங்கு தோற்றுவிடும்.

நாய் விஷயத்தில் எல்லோரும் என்னோடு சண்டைக்கு வருகிறார்கள், இருந்தாலும் சொல்கிறேன்: ராத்திரி நாய் வீட்டுக்குள். சங்கிலியில் கட்டிய நாய் சிறுத்தைக்குத் தட்டில் வைத்த சாப்பாடு. அவிழ்த்து விட்ட நாய் கரடியைத் துரத்திக்கொண்டு ஓடும், கரடி திரும்பினால் நேராக உங்களிடம்தான் ஓடிவரும், பின்னால் கரடியும் வரும். தடுப்பூசி எல்லாம் தவறாமல் போடுங்கள், இது காட்டுக்காகவும்தான். 1994இல் ஆப்பிரிக்காவின் செரெங்கெட்டிப் புல்வெளியில் நாய்களுக்கு வருகிற டிஸ்டெம்பர் நோய் பரவி அங்கிருந்த சிங்கங்களில் மூன்றில் ஒரு பங்கு அழிந்தது, சுற்றியிருந்த ஊர் நாய்களிடமிருந்து வந்திருக்கும் என்றுதான் ஆராய்ச்சியாளர்கள் கருதினார்கள்.

விளக்கு தரையைப் பார்த்து, அசைவு பட்டால் மட்டும் எரிகிறதாக இருக்கட்டும். பெரிய கண்ணாடி ஜன்னல் இருந்தால் வெளிப்பக்கத்தில் 5 சென்டிமீட்டருக்கு ஒன்றாகப் புள்ளி ஒட்டுங்கள். ஒற்றைப் பருந்து ஸ்டிக்கர் பறவை மோதுவதைத் தடுப்பதில்லை.

நேருக்கு நேர் வந்துவிட்டால்

எல்லா விலங்குக்கும் பொதுவானது ஒன்று: ஓடாதீர்கள். கரடி மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும், மரமும் ஏறும். நில்லுங்கள், அது போவதற்கு வழி இருக்கிறதா என்று பாருங்கள், நீங்கள்தான் அந்த வழியில் நிற்கிறீர்கள் என்றால் பக்கவாட்டில் விலகுங்கள். முதுகைக் காட்டாமல் மெதுவாகப் பின்வாங்குங்கள்.

கரடியிடம் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டே விலகலாம், மனுஷன் என்று அதற்குத் தெரிந்தால் போதும். கரடிக்கான மிளகாய் ஸ்ப்ரே கிடைக்கிற ஊரில் கையிலேயே வைத்திருங்கள், பைக்குள் இருந்தால் பிரயோஜனமில்லை. சிறுத்தையோ, அமெரிக்க மலைகளில் இருக்கிற பூமா என்கிற பெரிய பூனையோ என்றால் குனியாதீர்கள், குழந்தையைக் குனியாமல் தூக்கிக்கொள்ளுங்கள், கையை உயர்த்திப் பெரிதாகத் தெரியுங்கள், சத்தமாகப் பேசுங்கள், பார்வையை விலக்க வேண்டாம். குரங்கிடம் நேர் எதிர்: கண்ணைப் பார்க்காதீர்கள், பல்லைக் காட்டிச் சிரிக்காதீர்கள், அது அவற்றின் பாஷையில் மிரட்டல். கையில் சாப்பாடு இருந்தால் விட்டுவிடுங்கள், இல்லையென்றால் வெறுங்கையை விரித்துக் காட்டுங்கள். யானைக்கும் காட்டெருமைக்கும் தூரம்தான் மருந்து, பார்த்த உடனே விலகிப் போய்விட வேண்டும், படம் எடுக்க இன்னும் பத்தடி என்று நினைக்கவே கூடாது.

ஒரு சாயங்காலம் சமையலறை ஜன்னலுக்குக் கீழே ஏதோ உழுகிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் ஒரு பெண் காட்டுப்பன்றி மூஞ்சியால் புல்தரையைப் பாய் மாதிரி சுருட்டிக்கொண்டிருந்தது, பின்னால் கோடு போட்ட ஐந்து குட்டிகள். பின்கதவு திறந்திருந்தது. நான் கதவைச் சாத்த அவசரமாக ஓடியிருந்தால் அவள் குட்டிகளுக்காகத் திரும்பியிருப்பாள். மெதுவாக ஒரு ஸ்பூனை மேஜையில் தட்டினேன், அவ்வளவுதான். தலையை உயர்த்தினாள், ஒரு காது மட்டும் என் பக்கம் திரும்பியது, ஒரு உறுமல், குட்டிகள் வரிசையாகி அவள் பின்னால் சரிவில் இறங்கிவிட்டன. கதவை அப்புறம் சாத்தினேன்.

வீட்டுக்குள்ளேயே ஏதாவது நுழைந்துவிட்டால் உள்கதவுகளை மூடி, வெளிக்கதவைத் திறந்துவிட்டு, நீங்கள் வேறு அறைக்கோ வெளியிலோ போய்விடுங்கள். அதற்கும் வெளியே போகத்தான் ஆசை.

கடியோ கீறலோ பட்டால், எவ்வளவு சின்னதானாலும், சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிஷம் கழுவி அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் ரேபிஸ் தடுப்பூசியைத் தொடங்க வேண்டும். அறிகுறி வந்த பிறகு ரேபிஸிலிருந்து பிழைத்தவர்கள் அபூர்வத்திலும் அபூர்வம். உண்ணி கடித்திருந்தால் சின்ன இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள், நெருப்பு, எண்ணெய் எதுவும் வேண்டாம்.

பிடித்துக்கொண்டு போங்கள் என்று கேட்பதற்கு முன்

வனத்துறை எண், பாம்பு பிடிக்கிறவர் எண், பக்கத்து நாலு வீட்டு எண், தடுப்பூசியும் விஷமுறிவு மருந்தும் இருக்கிற ஆஸ்பத்திரியின் எண் இவற்றைப் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். காயம்பட்ட விலங்கு, ஊரைவிட்டுப் போகாமல் பகலிலேயே மனிதர்களை நெருங்கி வருகிற விலங்கு, தள்ளாடுகிற விலங்கு, இவற்றுக்குத் தயங்காமல் கூப்பிடலாம். ஆனால் ஒரு சிறுத்தை ராத்திரி வழியாகப் போனதற்காகக் கூண்டு வைக்கச் சொல்லாதீர்கள். மகாராஷ்டிராவின் ஜுன்னர் பகுதியில் 2001 வாக்கில் சிறுத்தைகளை நிறையப் பிடித்து வேறு காடுகளில் கொண்டுபோய் விட்டார்கள்; அதன் பிறகு மனிதர்கள் மீதான தாக்குதல் குறைவதற்குப் பதிலாகக் கூடியது என்று வனவிலங்கு ஆய்வாளர் வித்யா ஆத்ரேயாவும் அவருடைய குழுவினரும் 2011இல் ஆய்வாக எழுதினார்கள். தன் இடம் தெரிந்த விலங்கு ஒதுங்கி வாழக் கற்றிருக்கும். புது இடத்தில் விடப்பட்டதற்கு எங்கே ஒதுங்குவது என்றே தெரியாது, காலியான இடத்துக்கு வேறொன்று வந்துவிடும்.

அக்கம்பக்கத்தில் பேசுங்கள். பத்து வீடு குப்பையைப் பூட்டி வைத்து, பதினொன்றாவது வீடு வெளியே கொட்டினால் கரடி அந்தத் தெருவுக்கு வந்துகொண்டேதான் இருக்கும். சண்டையாகப் பேசாமல், தொட்டி வாங்கக் கூட வருகிறேன் என்று பேசினால் பெரும்பாலும் கேட்பார்கள்.

கடைசியாக, சில நாள் வீட்டைப் பூட்டிக்கொண்டு போகும்போது: ஃபிரிட்ஜைக் காலி செய்யுங்கள், குப்பையைக் கையோடு எடுத்துப் போங்கள், புகைபோக்கி வாய்க்கு வலை போட்டிருக்கிறதா பாருங்கள், சமையலறை ஜன்னலைச் சாத்தித் தாழ்ப்பாள் போடுங்கள். திரும்பி வருகிற நேரம் இருட்டிவிட்டால் காரிலிருந்து உடனே இறங்காமல், முகப்பு விளக்கை ஒரு நிமிஷம் எரியவிட்டு, கதவைத் திறந்து சத்தமாக நாலு வார்த்தை பேசிவிட்டு இறங்குங்கள். நீங்கள் இல்லாத நாட்களில் திண்ணையில் யாராவது படுத்திருக்கலாம், எழுந்து போக அவர்களுக்கும் கொஞ்சம் நேரம் வேண்டும்.